மைட்ரல் வால்வை மாற்றும்போது நாண்களைக் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கயிற்றுக் கட்டில் பின்னிப் பழகியவர்களுக்குத் தெரியும், கயிறு படுப்பதற்கு மட்டும் இல்லை. நாலு சட்டங்களையும் உள்பக்கமாக இழுத்துப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். கயிறு அறுந்த கட்டிலில் கால்கள் மெல்ல அகன்று, சட்டம் லொடலொடவென்று ஆகிவிடும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வுக்குக் கீழே தொங்கும், கயிறு போன்ற நாண்களும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் இடது கீழறைக்குச் செய்கின்றன. கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கலாம். கூடவே நாண்களையும் வெட்டி எறிந்தால், புது வால்வு கச்சிதமாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதே இதயம் மட்டும் தளர்ந்துபோகும்.

இதய அறுவைப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களையும் ஓ.டி. நர்ஸ்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு வால்வு மாற்ற வேண்டும் என்று கேள்விப்பட்டுப் படிக்க வந்தவர்கள், நடுவில் வரும் தையல் சமாச்சாரங்களைத் தாண்டிக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். படித்து மட்டும் யாரும் கத்தியைப் பிடிக்கப் போவதில்லை என்பதால் அந்த எச்சரிக்கையை நான் தனியாகச் சொல்லவில்லை.

முதலில் அமைப்பு

மைட்ரல் வால்வில் இரண்டு இதழ்கள். முன் இதழ் அகலமானது, பாய்போல் விரிந்தது. ஆனால் இதழ்கள் ஒட்டியிருக்கும் வளையத்தின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடித்திருக்கிறது. பின் இதழ் உயரம் குறைந்தது, மீதி மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றி ஓடுகிறது. இரண்டையும் கீழே கட்டிப்போட, கீழறைச் சுவரிலிருந்து எழும் இரண்டு பாப்பில்லரி தசைகள் உண்டு. ஒன்று முன்பக்கவாட்டில், இன்னொன்று பின்உள்பக்கத்தில். புதிதாகப் படிக்கிறவர்கள் முன் தசை முன் இதழுக்கு, பின் தசை பின் இதழுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு தசையும் தன் பக்கத்துப் பாதிக்கு, இரண்டு இதழ்களுக்குமே நாண் அனுப்புகிறது. பின்னால் நாண்களை இடம் மாற்றும்போது இது முக்கியமாக வரும்.

நாண்களில் மூன்று வகை. முதல்வகை நாண்கள் இதழின் விளிம்பைப் பிடிக்கின்றன. இதழ் மேலறைக்குள் புரண்டு போகாமல் தடுப்பவை இவை. இரண்டாம் வகை இதழின் அடிவயிற்றைப் பிடிக்கின்றன. முன் இதழின் அடியில் இருக்கும் தடித்த இரண்டு நாண்கள் இந்த வகை. கீழறையின் வடிவத்தைக் காப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றாம் வகை பின் இதழுக்கு மட்டுமே உள்ளது. கீழறைச் சுவரிலிருந்து நேராகக் கிளம்பி இதழின் அடிப்பகுதியில் சேர்கிறது.

இதயம் சுருங்கும்போது பாப்பில்லரி தசைகளும் சுருங்கி, நாண்கள் வழியாக வளையத்தை நுனிப்பக்கம் இழுக்கின்றன. கீழறை நீளவாக்கில் குறுகி, துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நாணை வெட்டிவிட்டால் இந்த இழுப்பு போய்விடும். நீளமான கீழறை உருண்டையாகத் தொடங்கும். உருண்டை பெரிதாகப் பெரிதாகச் சுவரின் மேல் இழுவிசை கூடும், தசை இன்னும் களைக்கும்.

இது ஏன் இருபது வருடம் மறக்கப்பட்டது

மனிதருக்கு வெற்றிகரமாக வைத்த முதல் செயற்கை மைட்ரல் வால்விலேயே நாண் இருந்தது. 1960 மார்ச்சில், அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில், நீனா பிரான்வால்ட் என்ற பெண் சர்ஜன் பாலியூரித்தேனில் செய்த இரண்டு இதழ் வால்வை வைத்தார். அதில் டெஃப்லான் நாண்கள் பூட்டியிருந்தன. அதே வருடம் போர்ட்லண்டில் ஆல்பர்ட் ஸ்டார், கூண்டுக்குள் பந்து உருளும் வால்வை வைத்தார். அதுதான் உலகமெங்கும் பரவியது. கூண்டுக்கு இடம் வேண்டும் என்பதால் பழைய வால்வை நாண், தசைநுனி எல்லாவற்றோடும் வெட்டி எடுப்பது வழக்கமாகிப்போனது.

அறுவை நன்றாக முடிந்தும் நோயாளிகள் இதயத் தளர்ச்சியில் இறப்பதைக் கவனித்தவர் வால்டன் லில்லஹை என்ற அமெரிக்க இதய சர்ஜன். பாப்பில்லரி தசைகளையும் நாண்களையும் விட்டுவைத்து வால்வை மாற்றிப் பார்த்தார். இறப்பு 37 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இறங்கியது என்று 1964-ல் எழுதினார். அப்போதே எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் சில விலங்கு ஆய்வுகளில் வித்தியாசம் தெரியவில்லை. மிச்சம் வைத்த திசு பந்தில் சிக்கிக்கொள்ளும் என்ற பயம் வேறு. விஷயம் அப்படியே தூங்கிப்போனது. 1980-களின் தொடக்கத்தில் டொரோன்டோவின் டைரோன் டேவிட் போன்ற சர்ஜன்கள்தான் மறுபடி எழுப்பினார்கள்.

என்னை முழுதாகச் சம்மதிக்க வைத்தது 1992-ல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு. நாள்பட்ட மைட்ரல் கசிவு, அதாவது வால்வு சரியாக மூடாமல் ரத்தம் மேலறைக்கே திரும்பும் நோய் உள்ளவர்களில் நாண்களை வெட்டி வால்வு மாற்றியவர்களுக்கு ஈ.எஃப்., அதாவது இதயத்தின் பம்ப் அளவு, 60 சதவீதத்திலிருந்து 36 ஆக விழுந்தது. நாண்களைக் காத்தவர்களுக்கு 63-லிருந்து 61. நோயாளிகள் எண்ணிக்கை ரொம்பக் குறைவுதான். ஆனாலும் 36-க்கும் 61-க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைக் குறைந்த எண்ணிக்கை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

படி 1: எக்கோவை அறுவைக்காரர் கண்ணால் பார்ப்பது

முதல் கேள்வி, மாற்றத்தான் வேண்டுமா? இதழ் தளர்ந்து புரளும் வகைக் கசிவுக்கு ரிப்பேர்தான் முதல் வழி. எந்த வால்வும் சொந்த வால்வுக்கு ஈடாகாது. மாற்றுவது என்ற முடிவுக்கு நாம் வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: ருமாட்டிக் காய்ச்சலால் இதழும் நாணும் தடித்து ஒட்டிப்போனவை, மாரடைப்புக்குப் பின் கீழறை விரிந்து இதழ்கள் எட்டாமல் கசிபவை, கிருமித் தொற்று அரித்துத் தின்றவை.

இவற்றில் இரண்டாவது வகையைப் பற்றி நல்ல ஆதாரம் உண்டு. மாரடைப்பு சார்ந்த கடுமையான கசிவு உள்ள 251 பேரை ரிப்பேர், நாண் காத்து மாற்றுதல் என இரண்டாகப் பிரித்து வட அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு வருடத்தில் ரிப்பேர் செய்தவர்களில் 58.8 சதவீதம் பேருக்குக் கசிவு மிதமாகவோ கடுமையாகவோ திரும்பிவிட்டது. மாற்றியவர்களில் 3.8 சதவீதம்தான். உயிர் பிழைத்தவர்கள் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. மாற்றுதல் இந்த அளவு தாக்குப்பிடித்ததற்கு நாண்களை விட்டுவைத்தது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எக்கோவில் பார்க்க வேண்டியவை: முன் இதழ் எவ்வளவு நீளம், எவ்வளவு தடிப்பு. சுண்ணாம்பு எங்கே படிந்திருக்கிறது, இதழிலா, வளையத்திலா, தசைநுனி வரையா. நாண்கள் தனித்தனியாக இருக்கின்றனவா, கட்டியாகச் சேர்ந்துவிட்டனவா. கீழறை சிறியதா பெரியதா. நடுச்சுவர் மேலே தடித்து, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருங்குழாயான அயோட்டாவுக்குப் போகும் வெளிப்பாதையைக் குறுக்கியிருக்கிறதா. கடைசி இரண்டையும் ஜூனியர்கள் அடிக்கடி விட்டுவிடுவார்கள். சிறிய கீழறை, தடித்த நடுச்சுவர், நீளமான முன் இதழ் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால், முன் இதழை அப்படியே விட்டுவைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

ஈ.எஃப். எண்ணை நம்பி ஏமாறவும் கூடாது. கசிவு இருக்கும்போது கீழறை பாதி ரத்தத்தைச் சிரமமில்லாமல் மேலறைக்கே தள்ளிவிடுகிறது. அதனால் எண் அழகாகத் தெரியும். 60-ஐத் தொட்டாலே, அல்லது சுருங்கிய நிலையில் கீழறை விட்டம் 40 மில்லிமீட்டரை எட்டினாலே தசை களைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்குத்தான் நாண்கள் அதிகம் தேவை.

படி 2: திறந்து, தொட்டு, பிறகு முடிவு

நெஞ்செலும்பைப் பிளப்பது, இதயம், நுரையீரல் வேலையை எடுத்துக்கொள்ளும் பைபாஸ் மெஷினில் போடுவது, இதயத்தை நிறுத்துவது எல்லாம் வழக்கம்போல். அடைபட்ட இதய ரத்தக்குழாய்க்கு மாற்றுவழியாக பைபாஸ் கிராஃப்டும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தால், கிராஃப்டின் கீழ்முனைத் தையல்களை வால்வு வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். விறைப்பான வால்வு உட்கார்ந்த பிறகு இதயத்தைத் தூக்கித் திருப்பினால் பின்சுவர் கிழியலாம்.

இடது மேலறையைத் திறந்ததும் கத்தியை எடுக்காதீர்கள். கொக்கியால் இரண்டு இதழ்களையும் ஒவ்வொரு துண்டாகத் தூக்கி, அடியில் எட்டிப் பாருங்கள். எக்கோ சொன்னதும் கையில் தட்டுப்படுவதும் பல சமயம் ஒன்றாக இருக்காது. எந்த நாண் மிருதுவாக இருக்கிறது, எது குச்சியாகிவிட்டது, எதைக் காக்கலாம், எதை விட வேண்டும் என்று இந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம். உதவியாளருக்கும் நர்ஸுக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

படி 3: பின் இதழ், தொடவே வேண்டாம்

இந்தப் படி சுலபம். பின் இதழை முழுதாக, அதன் எல்லா நாண்களோடும் விட்டுவிடுங்கள். தையல் ஊசி வளையத்தில் மேலறைப் பக்கமிருந்து இறங்கி, இதழின் விளிம்புக்கு அருகே மேலே வரட்டும். முடிச்சுப் போடும்போது இதழ் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி வளையத்துக்கும் வால்வுக்கும் நடுவில் உட்கார்ந்துவிடும். நாண்கள் லேசான இழுப்போடு நிற்கும்.

பின் இதழைக் காப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மைட்ரல் வால்வு மாற்றத்தில் சர்ஜன்கள் கனவில்கூட வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் ஒன்று, கீழறையின் பின்சுவர் கிழிவது. அரிதாக நடக்கும், நடந்தால் பிழைப்பவர் குறைவு. பின் இதழையும் மூன்றாம் வகை நாண்களையும் வெட்டியெடுத்த இடத்தில்தான் இந்தக் கிழிசல் வர வாய்ப்பு அதிகம். விட்டுவைத்தால் அந்த இடத்துக்கு ஒரு முட்டு கிடைக்கிறது.

விதிவிலக்கு சுண்ணாம்பு. இதழில் கட்டியாக இருப்பதைச் சுரண்டி எடுக்கலாம். வளையத்துக்குள் பாறைபோல் இறங்கியிருந்தால் அத்தனையையும் தோண்டி எடுக்க ஆசைப்படாதீர்கள். அங்கேதான் கீழறைச் சுவர் மெலிந்திருக்கும்.

படி 4: முன் இதழ், இங்கேதான் வேலை

முன் இதழ் இரண்டு பாதைகளுக்கு நடுவில் தொங்கும் திரை. ஒரு பக்கம் ரத்தம் உள்ளே வரும் வழி, மறுபக்கம் அயோட்டாவுக்குப் போகும் வழி. புது வால்வை வைத்த பிறகு இந்தத் திரை தொளதொளவென்று முன்னால் தொங்கினால், இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் நடுச்சுவரில் போய் ஒட்டி வெளிப்பாதையை அடைக்கும். இன்னொரு பயம், மிச்சத் திசு மெக்கானிக்கல் வால்வின் தகட்டில் சிக்குவது. முன் இதழுக்கென்று இத்தனை முறைகள் பிறந்ததே இந்த இரண்டு பயங்களால்தான். நாண்கள் மிச்சமிருக்க வேண்டும், திரை மட்டும் விலக வேண்டும்.

மிகி முறை: 1988-ல் ஜப்பானிலிருந்து வந்தது. வளையத்திலிருந்து சில மில்லிமீட்டர் விட்டு, முன் இதழை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை வெட்டிப் பிரிக்க வேண்டும். பிறகு நடுவில் நெட்டாக வெட்டினால் இரண்டு துண்டு. நாண் இல்லாத உபரித் திசுவைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு துண்டையும் அந்தந்தப் பக்கத்து மூலைக்கு, கமிஷர் என்று சொல்கிறோமே அங்கே நகர்த்தி, வால்வுத் தையலோடு சேர்த்துப் பிடித்துவிட வேண்டும். திரையை இரு பக்கமும் ஒதுக்கிக் கட்டியது போல ஆகிவிடும். வெளிப்பாதை திறந்தே இருக்கும். நாண்களும் தங்கள் தசைக்கு நேர்மேலேயே நிற்பதால் இழுப்பின் திசை அதிகம் மாறாது. எனக்குக் கை பழகியதும் பிடித்ததும் இதுதான்.

கோன்சாரி முறைகள் இரண்டு. முதலாவதில் முன் இதழின் நடுவிலிருந்து நீள்வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்து, நாண்கள் தொங்கும் விளிம்புப் பட்டையை மட்டும் தூக்கி வளையத்தின் முன்பக்கத்திலேயே தைத்துவிடுவார்கள். சீக்கிரம் முடியும். இழுப்பு ஏறக்குறைய இயற்கையான திசையிலேயே இருக்கும். பட்டையைத் தளர்வாக விட்டால் மட்டும் பிரச்சினை. இரண்டாவதில் விளிம்பை நாண் கொத்துகளாக, பொத்தான் பொத்தானாக வெட்டி, வளையத்தைச் சுற்றி அங்கங்கே பதிப்பார்கள். தடித்த ருமாட்டிக் இதழில் நல்ல நாண் எங்கே இருக்கிறதோ அதை மட்டும் பொறுக்கியெடுக்க இதுவே வசதி.

ஃபெய்க்ஸ் முறையில் முன் இதழைப் பிளந்து முழுவதையும் பின்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். வெளிப்பாதைக்கு ஆபத்தே இல்லை. ஆனால் பின்னால் இரண்டு இதழ்களின் திசுவும் குவிந்து, வால்வு சற்றுச் சிறியதாக வைக்க நேரலாம். நாண்களும் இயல்பில்லாத கோணத்தில் இழுபடும்.

எந்த முறையானாலும் ஒரு விஷயம் மாறாது. முன்பக்கவாட்டுத் தசையின் நாண் அதன் பக்கத்திலேயே, பின்உள்பக்கத் தசையின் நாண் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குறுக்கே போனால் அது புது வால்வின் வாயில் வந்து நிற்கும்.

இழுப்பு எவ்வளவு? நின்றுபோய்த் தளர்ந்து கிடக்கும் இதயத்தில் நாண் நேராக நிற்க வேண்டும், விண்ணென்று இருக்கக்கூடாது. ரொம்ப இறுக்கினால் தசைநுனி பிய்த்துக்கொண்டு வரலாம். தொய்ந்து தொங்கினால் காத்தும் பயனில்லை. இந்த இடைப்பட்ட அளவைக் கை பழகித்தான் கற்க வேண்டும், எழுத்தில் சொல்லித் தீராது.

படி 5: ருமாட்டிக் வால்வு வந்தால்

நம் நாட்டில் வால்வு மாற்ற வருபவர்களில் ருமாட்டிக் நோயாளிகள் நிறைய. சின்ன வயதில் தொண்டைப் புண்ணில் தொடங்கியது, முப்பதிலோ நாற்பதிலோ மூச்சிரைப்பாக வந்து நிற்கும். இவர்களுக்கு நாண் காக்க முடியாது என்று பலர் முயற்சியே செய்யாமல் முழுதாக வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஒட்டிய மூலைகளை முதலில் பிரியுங்கள். ஒட்டிப்போன பாப்பில்லரி தசை நுனியை நெட்டாகப் பிளந்தால் அடியில் ஓரளவு நல்ல நாண்கள் கிடைப்பது உண்டு. தடித்துச் சேர்ந்த நாண்களுக்கு நடுவே ஜன்னல் வெட்டுவதுபோல் திசுவைக் கழிக்கலாம். முன் இதழ் உதவாது என்றால் அதை எடுத்துவிட்டுப் பின் இதழையாவது காப்பாற்றுங்கள். பின் இதழின் நடுத்துண்டு மட்டும் தேறினாலும் அதை விடக்கூடாது. பாதி காப்பது முழுதாக வெட்டுவதைவிட நல்லது. இரண்டு இதழ் நாண்களையும் காப்பது அதைவிட நல்லது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றும் கீழறை அளவைப் பொறுத்து இதையே காட்டியது.

எதுவுமே தேறாதபோது கோர்-டெக்ஸ் என்ற செயற்கை நூலில் புது நாண் கட்டலாம். சி.வி.4 அல்லது சி.வி.5 நூல். பாப்பில்லரி தசையின் வெண்மையான நார்நுனியில் பிளெட்ஜெட் என்ற சிறு துணித்திண்டு வைத்து ஊசியைச் செலுத்தி, அதே பக்கத்து வளையத்தில் கொண்டுவந்து, நீளம் பார்த்துக் கட்ட வேண்டும். சிவப்புத் தசையில் போட்ட தையல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். நீளம் பார்க்கும்போது அவசரம் கூடாது. இந்த நூல் வழுக்கும். முடிச்சு தானே இறங்கி நாணைக் குட்டையாக்கிவிடும்.

தொற்று வால்வில் கணக்கு வேறு. அங்கே கிருமி இருக்கும் திசு முழுவதும் போயாக வேண்டும். நாணைக் காக்கிறேன் என்று தொற்றை விட்டுவைப்பது தவறு. சுத்தமாக்கிய பிறகு மிச்சம் என்ன என்று பார்த்து, வேண்டுமானால் செயற்கை நாண் போடலாம். நடுச்சுவர் மிகவும் தடித்து வெளிப்பாதை ஏற்கெனவே குறுகியவர்களிடமும் முன் இதழைக் காக்கப் போராட வேண்டாம்.

படி 6: அளவும் தையலும்

அளவு பார்க்கும் கருவியைக் காத்த திசுவெல்லாம் தன் இடத்துக்குப் போன பிறகு செருகுங்கள். முன்பே பார்த்தால் பெரிய எண் காட்டி ஏமாற்றும். திசுவை விட்டதால் ஒரு அளவு குறைவது உண்டு. அதை ஈடுகட்டப் பெரிய வால்வை அழுத்தித் திணிக்கவே கூடாது. மைட்ரல் இடத்தில் ஒரு அளவு சின்ன வால்வைச் சமாளித்துக்கொள்ளலாம். வளையம் கிழிந்தால் சமாளிக்க முடியாது.

தையலுக்கு 2-0 பின்னல் பாலியெஸ்டர் நூல், பிளெட்ஜெட்டோடு. மெக்கானிக்கல் வால்வுக்குப் பிளெட்ஜெட் மேலறைப் பக்கம் இருக்கும்படி போடுவது எனக்குப் பிடித்தது. வால்வுக்கு அடியில் எந்தப் பொருளும் நீட்டிக்கொண்டிருக்காது.

வளையத்தைச் சுற்றி நான்கு ஆபத்தான அண்டைவீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பின்பக்கம் இடதில் இதயத்துக்கே ரத்தம் தரும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் ரத்தக்குழாய், அதோடு ஓடும் கரோனரி சைனஸ் என்ற சிரை. முன்பக்கம் அயோட்டா வால்வின் இதழ்கள். பின்உள்பக்க மூலைக்கு அருகில், துடிப்புக்கான மின்சாரத்தைக் கடத்தும் ஹிஸ் கற்றை. அங்கே ஊசி ஆழமாய்ப் போனால் நோயாளி பேஸ்மேக்கரோடு வீட்டுக்குப் போவார்.

படி 7: வால்வை உட்கார வைத்தல்

இரட்டைத் தகடு மெக்கானிக்கல் வால்வு என்றால் கீல் அச்சு, பழைய இதழ்களின் மூடுகோட்டுக்குக் குறுக்காக இருக்கட்டும். அப்போது தகடுகள் முன்னும் பின்னும் உள்ள திசுவை விட்டு விலகி ஆடும். விலங்குத் திசுவில் செய்த டிஷ்யூ வால்வில் மூன்று கால்கள் உண்டு. அவற்றில் எதுவும் வெளிப்பாதையின் நடுவில் தூண்போல் நிற்கக்கூடாது. இரண்டு கால்கள் வெளிப்பாதையின் இரு ஓரமும் நிற்க வேண்டும்.

ஒற்றைச் சாய்தட்டு வால்வுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990-ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு இந்த வகை. விலை கட்டுப்படியாவதால் நம் பக்கம் பலருக்கு அதைத்தான் வைக்கிறோம். இதில் தட்டின் ஒரு பாதி கீழறைக்குள் ஆழமாக இறங்கும். ஒரு நாண் துண்டு நீட்டிக்கொண்டிருந்தாலும் தட்டு பாதியில் நின்றுவிடும்.

அதனால் முடிச்செல்லாம் போட்ட பிறகு, சோதனைக் குச்சியால் தகட்டை முழுதாகத் திறந்து, முழுதாக மூடிப் பாருங்கள். ஒருமுறை இல்லை, நாலைந்து முறை. வாய் வழியே உள்ளே எட்டிப் பார்த்து, தகட்டின் பாதையில் நாணோ நூல் நுனியோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள். எங்கேயாவது உரசினால் வால்வைச் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் உரசினால் அந்தத் துண்டை வெட்டுங்கள். தயங்க வேண்டாம். சிக்கும் தகடு மேசையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

படி 8: பைபாஸிலிருந்து இறங்கும்போது

காற்றை வெளியேற்றும்போது இதயத்தின் நுனியைத் தூக்கி ஆட்டாதீர்கள். காரணம் மேலே சொன்ன பின்சுவர்க் கிழிசல்தான்.

உணவுக்குழாய் வழி எக்கோவில் மூன்று கேள்வி. வால்வின் ஓரத்தில் கசிவு உண்டா? தகடு அல்லது இதழ்கள் எல்லாம் முழுதாக ஆடுகின்றனவா? வெளிப்பாதையில் அழுத்த வேறுபாடு உண்டா? மூன்றாவதில் சந்தேகம் வந்தால் பதற்றத்தில் இதயத்தை விரட்டும் மருந்தை ஏற்றாதீர்கள், அது நிலைமையை மோசமாக்கும். முதலில் ரத்த அளவை நிரப்பி, அந்த மருந்துகளைக் குறைத்து, ரத்தக்குழாய் இறுக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். அடைப்பு அப்படியே நின்றால் மறுபடி பைபாஸில் போய்த் திசுவை எடுத்தாக வேண்டும். அயோட்டாவைத் திறந்து அதன் வால்வு வழியாக எட்டினால், மைட்ரலில் வைத்த வால்வைப் பிரிக்காமலே தொங்கும் முன் இதழ்த் துண்டை வெட்ட முடியும்.

ஐ.சி.யூ.வில் முதல் நாள் ரத்த அழுத்தம் எகிறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் வைத்த வடிகால் ட்யூபில் திடீரென்று சிவப்பாக ரத்தம் கொட்டினால், பின்சுவர்க் கிழிசல் என்ற எண்ணம்தான் முதலில் வர வேண்டும்.

வீட்டாருக்கு

உங்கள் அப்பாவுக்கோ அக்காவுக்கோ இந்த அறுவை என்றால், டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். "ரிப்பேர் செய்ய முடியாதா டாக்டர்?" என்பது ஒன்று. "மாற்றினால் கீழே இருக்கும் நாண்களை எவ்வளவு விட்டுவைப்பீர்கள்?" என்பது இன்னொன்று. முழுதாக முடியும், பாதிதான் முடியும், ரொம்பக் கெட்டுவிட்டது உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று மூன்றில் ஏதோ ஒரு பதில் வரும். மூன்றுமே நேர்மையான பதிலாக இருக்கலாம்.

நாண்களைக் காத்ததால் மாத்திரை குறையும் என்று நினைக்க வேண்டாம். மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். மைட்ரல் இடத்தில் ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண், பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் வைப்பார்கள். புது வகை உறைதடுப்பு மாத்திரைகள் மெக்கானிக்கல் வால்வுக்கு ஒத்துவராது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று மாற்றிவிடாதீர்கள். டிஷ்யூ வால்வுக்கு, வேறு காரணம் இல்லாவிட்டால், சில மாதங்கள் போதும். பல் பிடுங்கப் போனாலும் வால்வு வைத்திருப்பதைச் சொல்ல வேண்டும். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் வால்வு வகையை முடிவு செய்யும் முன்பே அதைப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது.

அறுவைக்குப் பிறகு வரும் முதல் எக்கோவில் ஈ.எஃப். சற்றுக் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம். முன்பு மேலறைக்குப் போய்க்கொண்டிருந்த ரத்தத்தையும் இப்போது அயோட்டாவுக்கே தள்ள வேண்டியிருக்கிறது. சில மாதம் கழித்து எடுக்கும் எக்கோவை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

கடைசியாக, ஆபரேஷன் நோட்

சரி, இளம் மருத்துவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. "நாண்கள் காக்கப்பட்டன" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பின் இதழ் முழுதாகவா, எந்தத் துண்டு? முன் இதழை எந்த முறையில் பிரித்தீர்கள், துண்டுகள் கடிகார முள் கணக்கில் எத்தனை மணியில் பதிந்திருக்கின்றன? செயற்கை நாண் உண்டா, எத்தனை? வால்வின் வகை, அளவு, எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது? பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்த டிஷ்யூ வால்வு தேய்ந்து, தொடை ரத்தக்குழாய் வழியாக அதற்குள்ளேயே இன்னொரு வால்வை வைக்க ஒரு மருத்துவர் உட்காருவார். வெளிப்பாதை அடைபடுமா என்று கணக்குப் போட அவருக்கு உங்கள் நோட் கையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே வரிகளைச் சேர்த்துவிடுங்கள். வருடங்கள் கழித்துக் கேஸ் ஷீட் கிடைக்காமல் போகலாம், நோயாளியின் மஞ்சள் பையில் இருக்கும் சம்மரி எப்படியும் கிடைத்துவிடும்.